பாதிப் பேர் புகழ, பாதிப் பேர் ஏச: ஒரு முதல் அறிவியல் புனைகதைத் தொகுப்புக்கு வந்த எதிர்வினைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சேர்ந்த இளம் தமிழ் எழுத்தாளர் ஒருவர், பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "ஆங்கிலத்தில் எழுதிய என் முதல் அறிவியல் புனைகதைத் தொகுப்பு வெளிவந்திருக்கிறது. எதிர்வினைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. செவ்வாய்க் கிரகத்துக் கரும்புத் தோட்டத்தைப் பற்றிய கதையைச் சிலர் கொண்டாடுகிறார்கள். அறிவியல் தெரியாதவள் எழுதியது என்று சிலர் சொல்கிறார்கள். இது வெறும் வரலாறு, அறிவியல் புனைகதையே அல்ல என்று வேறு சிலர். இயந்திரம் காவடி எடுக்கும் கதை கோயில் பெரியவர்களைப் புண்படுத்திவிட்டது. உங்கள் எதிர்கால டர்பனில் நாங்கள் எங்கே என்று, இந்த மண்ணின் சூலு இனத்து வாசகர் ஒருவர் கேட்டார். தமிழ்ச் சொற்களுக்கு விளக்கம் இல்லை என்றும் குறை. இரண்டாம் பதிப்புக்கு வேலை தொடங்கிவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது?"

பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். அறிவியல் புனைகதைகளைச் சிறுவயதிலிருந்தே விடாமல் படித்துவருகிறேன். உங்கள் தொகுப்பையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வந்த எதிர்வினைகளில் மிகவும் பயனுள்ளது கோயில் பெரியவர்களின் கோபம். பயன் குறைந்தது, நம்மவர் கூட்டங்களில் உங்களுக்குப் போர்த்திய பொன்னாடை. சூலு வாசகரின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். மற்றவற்றில் சில திருத்திக்கொள்ள வேண்டியவை, சில கடந்துபோக வேண்டியவை.

அறிவியல் குறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் சரி எது, தவறு எது என்று உறுதியாகச் சொல்ல முடியும். செவ்வாயில் வேலை செய்யும் தாத்தா, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் பேத்தியுடன் தொலைபேசியில் பேசுகிறார். அவள் கேட்கிறாள், அவர் உடனே பதில் சொல்கிறார். இந்தக் காட்சியைத்தான் பொறியியல் படித்த வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்வது சரி. பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 5.5 கோடி கிலோமீட்டரிலிருந்து 40 கோடி கிலோமீட்டர் வரை மாறிக்கொண்டே இருக்கும். ஒளியின் வேகத்தில் போகும் வானொலி அலைக்கே ஒரு வழிப் பயணத்துக்கு 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகிறது. "சாப்பிட்டீர்களா, தாத்தா?" என்று பேத்தி கேட்டால் பதில் வந்துசேரக் குறைந்தது 6 நிமிடம், இரண்டு கிரகங்களும் சூரியனுக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் நாட்களில் முக்கால் மணி நேரம். ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியனே குறுக்கே வந்து நிற்கும். அங்கே இயங்கும் விண்கலங்களுக்கு அந்த நாட்களில் கட்டளை அனுப்புவதையே இரண்டு வார அளவுக்கு நிறுத்திவைக்கிறார்கள்.

இதைச் சிறு தொழில்நுட்பப் பிழை என்று நீங்கள் உங்கள் கடிதத்தில் ஒதுக்கிவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்த நம் முன்னோர்களை முதன்முதலில் ஏற்றிக்கொண்டு 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16 அன்றுதான் நம் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கடிதமும் அதே கடலைத்தான் கடக்க வேண்டியிருந்தது. ஊரில் தாய் இறந்த செய்தி வந்து சேரும்போது காரியமெல்லாம் முடிந்து பல வாரங்கள் ஆகியிருக்கும். உங்கள் கதையின் உயிரே பிரிவு. அந்தப் பிரிவை நிமிடக் கணக்கில் அளந்துகாட்டும் வழியை இயற்பியல் உங்கள் கையில் கொடுக்கிறது. நீங்கள் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. பேத்தி கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். அவள் இரண்டாவது கேள்வி கேட்ட பிறகு முதல் கேள்விக்கான பதில் வரட்டும். சூரியன் குறுக்கே நிற்கும் அந்த இரண்டு வாரத்தில் பாட்டி இறந்துபோனால் என்ன ஆகும்? நீங்கள் எழுதிய உடனடி உரையாடலைவிட அது எவ்வளவு கனமான காட்சியாக இருக்கும்!

அறிவியல் பிழை எல்லாமே ஒரே எடை உள்ளவை அல்ல. லாரி நிவன் 1970-ல் எழுதிய 'ரிங்வேர்ல்ட்' நாவலின் முதல் பதிப்பில் பூமி எதிர்த்திசையில் சுழன்றது. பிந்திய பதிப்பில் திருத்தினார். அதைவிடப் பெரிய பிழை, அவர் கற்பனை செய்த வளைய உலகம் தன் நட்சத்திரத்தைச் சுற்றி நிலையாக நிற்காது என்பது. 1971-ல் பாஸ்டனில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் அதையே முழக்கமாக எழுப்பினார்கள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து அந்தக் குறையையே கதைக்கருவாக்கி அடுத்த நாவலை எழுதினார் நிவன். ஆண்டி வெயர் தம் 'தி மார்ஷியன்' நாவலை முதலில் சொந்த இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டபோது, படித்தவர்களில் அறிவியல் தெரிந்தவர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டே போனார். ஆனால் தொடக்கத்தில் வரும் புயலை மட்டும் விட்டுவிட்டார். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே அடிக்கும் காற்றால் ஏவுகலத்தைச் சாய்க்க முடியாது. அது அவருக்குத் தெரியும். கதைக்குத் தேவை என்று தெரிந்தே வைத்தார். உங்கள் தொலைபேசிக் காட்சி அந்த வகையில் சேராது. அங்கே கதைக்குப் பயன் எதுவும் இல்லை, இழப்பு மட்டுமே இருக்கிறது.

கரும்பு அங்கே வளருமா என்ற கேள்வியில் மட்டும் வாசகர்கள் உங்களிடம் அநியாயமாக நடந்துகொண்டிருக்கிறார்கள். அங்கே வெயில் நம் வெயிலில் பாதிகூட இல்லை என்பதும், மண்ணில் பெர்குளோரேட் நச்சு உண்டு என்பதும் உண்மை. நீங்கள் மூடிய கூடாரத்தையும், விளக்கையும், கழுவிய மண்ணையும் இரண்டு பத்திகளில் சொல்லிவிட்டீர்கள். அவ்வளவு போதும்.

அடுத்து, 'இது வரலாறுதான், அறிவியல் புனைகதை அல்ல' என்ற குற்றச்சாட்டு. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது: கதையிலிருந்து அறிவியலை உருவிவிட்டால் கதை நிற்கிறதா? கரும்புத் தோட்டக் கதை நிற்காது. அதற்குக் காரணம் அந்த ஒப்பந்தம். ஐந்து ஆண்டு வேலை என்று கையெழுத்து வாங்குகிறது நிறுவனம். எந்தக் கிரகத்து ஆண்டு என்று பத்திரத்தில் எழுதவில்லை. செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற 687 நாட்கள். ஐந்து செவ்வாய் ஆண்டுகள் என்பது நம் கணக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல். தாத்தா அதைக் கண்டுபிடிக்கும் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். அன்று நட்டால் என்று அழைக்கப்பட்ட நம் மாகாணத்தில் நடந்ததும் இதன் உறவுதான். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தை முடித்தவர்களை மீண்டும் ஒப்பந்தத்துக்கோ கப்பலுக்கோ தள்ளுவதற்காக 1895-ல் சட்டம் போட்டு, ஆண்டுக்கு மூன்று பவுன் (பிரிட்டிஷ் பவுண்டு) வரி விதித்தார்கள். முதலாண்டு ஒப்பந்தத் தொழிலாளியின் மாதக் கூலி பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங், ஆறு மாதக் கூலி. 1914-ல்தான் அந்த வரி ஒழிந்தது. சட்டத்தின் சொற்களால் மனிதனின் காலத்தைத் திருடும் அந்த வித்தையை, ஒரு கிரகத்தின் சுற்றுப்பாதையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள். வானியலும் வரலாறும் ஒரே முடிச்சில் இருக்கின்றன. இதை 'வெறும் வரலாறு' என்று சொன்னவர்கள் அவசரமாகப் படித்திருக்கிறார்கள்.

ஆனால் நிலவில் நடக்கும் திருமணக் கதையைப் பற்றி அதே குற்றச்சாட்டைச் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். நிலவை எடுத்துவிட்டு டர்பனை ஒட்டிய பீனிக்ஸில் ஒரு மண்டபத்தை வைத்தாலும் அந்த இரண்டு குடும்பங்களும் அதே சண்டையைத்தான் போடுவார்கள். அதை நீக்கிவிடுங்கள்.

இப்போது காவடிக் கதை. நோயாளியான ஒரு பாட்டி, பேரன் பிழைத்தால் காவடி எடுப்பதாக நேர்ந்துகொள்கிறார். பேரன் பிழைத்துவிடுகிறான், பாட்டியால் எழுந்து நடக்க முடியவில்லை. அவரைக் கவனித்துக்கொள்ளும் இயந்திரம் அவருக்குப் பதிலாகத் தைப்பூசத்தன்று காவடியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறது. கூட்டம் விலகி வழிவிடுகிறது. கதை முடிகிறது. பெரியவர்கள் கொதித்துப்போனார்கள். இளைஞர்கள் 'பழைமைவாதிகள்' என்று சொல்லி உங்கள் பக்கம் நின்றார்கள். நீங்களும் அந்த ஆதரவில் ஆறுதல் தேடிக்கொண்டதாகத் தெரிகிறது.

உங்கள் கடிதத்தின் நடுவில், நீங்களே பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் எழுதிப்போன ஒரு வரி இருக்கிறது. கோபப்பட்ட பெரியவர்களில் ஒருவர் உங்களிடம், "அதற்கு வலிக்குமா?" என்று கேட்டாராம். உங்கள் புத்தகத்துக்கு வந்த எல்லா எதிர்வினைகளிலும் அறிவியல் புனைகதையின் கேள்வி என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அதைக் கேட்டவர் அறிவியல் புனைகதை படிக்கும் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் காவடியைப் பார்த்தும் சுமந்தும் வந்தவருக்கு, அதில் எது சாரம், எது அலங்காரம் என்று தெரியும்.

யோசித்துப் பாருங்கள். ஒருவருக்காக இன்னொருவர் நேர்த்திக்கடன் செலுத்துவது நம் வழக்கத்துக்குப் புதிதல்ல. குழந்தைக்காகத் தாய் நேர்ந்துகொள்கிறாள், தாய்க்காக மகன் சுமக்கிறான். ஆகவே 'பதிலாள்' என்பது பெரியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. விரதம் இருக்கிறது. அலகு குத்துவது இருக்கிறது. வெறுங்காலோடு தாரில் நடப்பது இருக்கிறது. தை மாதம் இங்கே கடுங்கோடை என்பது உங்களுக்குத் தெரியும். இவை எல்லாம் உடலை வருத்துபவை. பசிக்காத ஒன்று விரதம் இருப்பது எப்படி? வலிக்காத ஒன்று சுமந்தால் அந்தக் கடன் தீருமா? தீராது என்றால் பாட்டி இன்னும் கடனாளிதானா? தீரும் என்றால், இத்தனை தலைமுறையாக நாம் பட்ட வலிக்கு என்ன பொருள்? அந்த இயந்திரம் பாட்டி சொல்லிப் போனதா, தானாகவே கேட்டுக்கொண்டு போனதா? தானாகக் கேட்டது என்றால், அது யாரை நேர்ந்துகொண்டது?

உங்கள் கதை இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. மயிற்பீலிக் காவடி சுமந்த உலோகத் தோள் என்ற அழகான படத்தைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது. பெரியவர்களைப் புண்படுத்தியது தெய்வக் குற்றம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தங்கள் வாழ்க்கையின் மிகக் கடினமான ஒரு செயலை நீங்கள் வெறும் காட்சியாக எடுத்துக்கொண்டீர்களே என்ற வருத்தமாக நான் அதைப் படிக்கிறேன். மன்னிப்புக் கேட்டுக் கதையை நீக்குவது இதற்குப் பரிகாரம் ஆகாது. கதையை இன்னும் ஆழமாக எழுதுங்கள். வலி பற்றிய கேள்வியை இயந்திரத்தின் முன்னாலேயே யாராவது கேட்கட்டும். அப்படி எழுதிய பிறகும் பெரியவர்கள் ஏற்க மறுக்கலாம். அப்போது அவர்கள் உங்கள் கதையோடு வாதாடுவார்கள். இப்போது உங்களோடு வாதாடுகிறார்கள்.

சூலு வாசகரின் கேள்விக்கு வருகிறேன். 2090-ஆம் ஆண்டு டர்பனில் நடக்கும் கதைகளில், வாசலில் நிற்கும் ஒரு காவலரைத் தவிர சூலு பேசுபவர் எவரும் இல்லை. நம் மாகாணத்தில் இன்று ஐந்தில் நான்கு பேரின் வீட்டு மொழி அது. நீங்கள் வேண்டுமென்றே விட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நாம் வளர்ந்த பேட்டைகளே இனவாரியாகப் பிரித்துக் கட்டப்பட்டவை, அந்தச் சுவர் நம் கற்பனைக்குள்ளும் இருக்கிறது. ஆனால் வாசகருக்கு உங்கள் மனம் தெரியாது, பக்கம்தான் தெரியும். வரலாற்றுக் கதையில் ஒரு சமூகம் இல்லாவிட்டால் மறதி என்பார்கள். எதிர்காலக் கதையில் இல்லாவிட்டால் அதை எழுதியவரின் விருப்பமாகப் படிப்பார்கள். 1949-ல் இந்தியர்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தையும், 2021 ஜூலைக் கலவரத்தின்போது பீனிக்ஸில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டதையும் சுமந்துகொண்டிருக்கும் ஊரில் அந்த வாசிப்பை மிகையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2009-ல் வந்த 'டிஸ்ட்ரிக்ட் 9' திரைப்படத்தை நினைத்துப்பாருங்கள். கட்டாயக் குடியகற்றத்தின் கொடுமையை வேற்றுக்கிரகவாசிகளைக் கொண்டு சொன்ன படம் அது. ஆஸ்காரில் சிறந்த படத்துக்கான பரிந்துரை வரை போனது. அதே படத்தில் நைஜீரியர்கள் கொள்ளைக் கும்பலாக மட்டும் வந்தார்கள். நைஜீரிய அரசு படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுக்கச் சொன்னது. ஒதுக்கப்படுவதைப் பற்றிய படைப்பே இன்னொருவரை ஒதுக்கியது. பாராட்டியவர்களும் புண்பட்டவர்களும் அதே படத்தைத்தான் பார்த்தார்கள், இரு தரப்பும் பொய் சொல்லவில்லை.

சரிசெய்வதற்காக ஒரு சூலு நண்பனை ஏதோ ஒரு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடாதீர்கள்; அது காவலரைவிட மோசம். உங்கள் கரும்புத் தோட்டக் கதைக்குள்ளேயே இடம் இருக்கிறது. சொந்த நிலமும் ஆடுமாடும் இருந்த சூலு மக்கள் தோட்டக்காரர்கள் விதித்த நிபந்தனைகளுக்கு வேலைக்கு வர மறுத்ததும், நம் முன்னோர்கள் கப்பலேற்றப்பட்டதற்கு ஒரு காரணம். செவ்வாய்க்கு ஆள் எடுக்கும் நிறுவனம் யாரை முதலில் கேட்டது? யார் மறுத்தார்கள்? மறுத்தவர்களின் வீட்டார் தாத்தாவின் கையெழுத்தை எப்படிப் பார்த்தார்கள்? அல்லது இந்த முறை இருவரும் ஒரே தொழிலாளர் கொட்டிலில் இருக்கிறார்களா, சர்தாராக, அதாவது மேஸ்திரியாக, இருப்பவர் யார்? இந்தக் கேள்விகள் உங்கள் ஒப்பந்தக் கதையை இரட்டிப்பாக்கும்.

உடனே எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஆண், பெண் என்ற நிலையான பிரிவில்லாத மக்களைப் பற்றி 1969-ல் எழுதிய அர்சுலா லெ குவின், அவர்கள் எல்லோரையும் ஆண்பாலில் சுட்டியதற்காக விமர்சிக்கப்பட்டார். 1976-ல் கட்டுரை எழுதித் தம் தேர்வை நியாயப்படுத்தினார். பத்தாண்டுக்கு மேல் கழித்து, அதே கட்டுரைக்குத் தாமே மறுகுறிப்பு எழுதி, அந்த இடத்தில் விமர்சகர்கள் பக்கம் சாய்ந்தார். முதல் கட்டுரையை மறைக்காமல் இரண்டையும் சேர்த்தே அச்சிட்டார். அவர்மீது எனக்குள்ள மரியாதையில் பெரும்பங்கு அந்தச் செயலால் வந்தது.

தமிழ்ச் சொற்களுக்கு விளக்கம் இல்லை என்ற குறையைக் கடந்துபோங்கள். லாரன் பியூக்ஸின் 'ஜூ சிட்டி' ஜோஹன்னஸ்பர்க்கின் தெருப்பேச்சை அப்படியே வைத்துக்கொண்டுதான் 2011-ல் பிரிட்டனின் ஆர்தர் சி. கிளார்க் விருதை வாங்கியது. கதை இழுத்துக்கொண்டு போனால் வாசகர் சொல்லைத் தாமே பிடித்துக்கொள்வார்.

பொன்னாடை பற்றி நான் சொன்னது உங்களுக்கு வருத்தம் தந்திருக்கும். நம் சமூகத்துக்கு உங்களைப் பற்றி உண்மையான பெருமை இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. கரும்பு வெட்டியவர்களின் கொள்ளுப்பேத்தி செவ்வாயைப் பற்றி எழுதுகிறாள் என்பது எந்த மேடையிலும் கைதட்டல் பெறும். ஆனால் அங்கே கிடைப்பது உங்கள் பிறப்புக்கான கைதட்டல். அந்தக் கூட்டங்களில் பேசியவர்களின் குறிப்புகளை எனக்கு அனுப்பியிருந்தீர்கள். ஒருவர்கூட அந்த 687 நாளைப் பற்றிப் பேசவில்லை. நீங்கள் செய்த மிக நல்ல காரியத்தையே கவனிக்காத பாராட்டு அது. உங்களைக் கடுமையாகச் சாடிய பொறியியல் மாணவர் ஒருவர் அதைக் கவனித்திருக்கிறார். தொலைபேசிக் காட்சியைத் திட்டிவிட்டு, ஒப்பந்தத்துக் கணக்கு மட்டும் தன்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதியிருக்கிறார். பாதி பிடித்து, பாதி பிடிக்காமல், ஆனாலும் கடைசிப் பக்கம் வரை படித்த இவரைப் போன்றவர்களின் கடிதங்களை மட்டும் தனியாக எடுத்துவையுங்கள். அவர்களுக்கு உங்களிடம் எதிர்பார்ப்பு இருக்கிறது. முழுக்கப் புகழ்ந்தவர்களுக்கும் முழுக்க ஒதுக்கியவர்களுக்கும் அது இல்லை.

இரண்டாம் பதிப்புக்கு எனக்குத் தோன்றும் வேலை வரிசை: நிலவுத் திருமணத்தை எடுத்துவிடுங்கள். தொலைபேசிக் காட்சியை நேரத் தாமதத்தோடு புதிதாக எழுதுங்கள்; அதற்கு ஒரு வாரம் போதும். காவடிக் கதைக்கு மாதக்கணக்கில் ஆகலாம், பதிப்பாளர் அவசரப்படுத்தினால் இந்தப் பதிப்பில் அதை விட்டுவிட்டாலும் தவறில்லை. சூலு வாசகருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள். விளக்கம் சொல்ல வேண்டாம், அவருடைய கேள்வியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதாக மட்டும் சொல்லுங்கள், செவ்வாய்க் கதையின் புதிய வடிவத்தைப் படித்துப்பார்ப்பாரா என்று கேளுங்கள். காவடிக் கதையைத் திருத்தி முடித்ததும் முதல் படியை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். "அதற்கு வலிக்குமா?" என்று கேட்ட பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆங்கிலத்தில் படிக்க அவருக்குச் சிரமமாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்.